பதினைந்து தமிழ்ப் பிள்ளைகள்

அன்று அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள்:

கல்வி ஆபீசிலிருந்து வந்த அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, கறுப்பு, கக்கத்தில் குடை, மடியில் நீளவாக்கில் ஒரு நோட்டு.

ஆறுமுகசாமி. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்து, துருத்தில் ஏலக்காடு வாங்கியவர். தோணியின் சொந்தக்காரர்.

மருதாத்தாள். அது அவளுடைய வீடு.

அவளுடைய மூத்த பெண் சுப்பாத்தாள், ஒன்பது வயது. அவளுக்குக் கீழே மூன்று பேர், உயர வரிசையில், சுவரோடு சுவராக.

நான், சுடலை. பி.யூ.சி.யைப் பாதியில் விட்டுவிட்டு அணையில் ராத்திரி வேலை பார்த்தவன். மணிக்கு ஒருதரம் நீர்மட்டம் பார்த்து எழுத வேண்டும். எனக்கு மலையாளம் வரும் என்பதால் இடையில் நின்று சொல்லக் கூட்டிப் போயிருந்தார்கள்.

துருத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு அப்பாவான மொக்கையன் வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. அவரை இருந்தவர் என்று சொல்வதா வேண்டாமா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை.

மருதாத்தாளின் புருசன் நஞ்சப்பன் இல்லை. அவன் வாயைத் திறந்தால் தெலுங்குதான் முதலில் வரும் என்று, காலையிலேயே அவனைத் தோணியில் ஏற்றி ஆனைக்கரைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார் ஆறுமுகசாமி.

துருத்து என்பது மலையாளச் சொல். தீவு என்று எங்களில் யாரும் சொன்னதில்லை. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது பள்ளத்தில் இருந்ததெல்லாம் முங்கிப்போக, ஒரு மலையின் தலை மட்டும் மிச்சம் நின்றது. மழை பிடித்தால் ஏழெட்டு மாதம் சுற்றிலும் தண்ணீர். மாசியில் மட்டம் இறங்கினால் கிழக்கே ஒரு சேற்றுவழி தெரியும், முழங்கால் புதைய நடந்து கரையேறலாம். அந்தத் தலையில் பதினாறு வீடுகள். கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள், மதுரைப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் இருந்து வந்தவர்கள், பாலாவிலிருந்து மரவள்ளிக் கப்பை நட வந்த இரண்டு மலையாளக் குடும்பங்கள், கம்பத்திலிருந்து மாடு ஓட்டிவந்து தங்கிவிட்ட ஒரு கன்னடக் கிழவர், தண்ணீருக்கு முன்னாலேயே அந்த மலையில் இருந்த மன்னான் பழங்குடி வீடுகள் இரண்டு, பிறகு நஞ்சப்பன் வீடு. எண்ணுவது தமிழில், வைவது மலையாளத்தில், மாட்டை விரட்டுவது கன்னடத்தில். தேன் எங்கே இருக்கிறது என்று மன்னான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எங்கள் யாருக்கும் பிடிபடாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். எத்தனை பாஷை, எவ்வளவு ஒற்றுமை என்பார்கள். அவர்கள் சாயங்காலத் தோணியில் திரும்பிப் போய்விடுகிறவர்கள்.

தோணி ஒன்றுதான். அதில் ஏறுவதற்கு ஒரு முறை இருந்தது. நஞ்சப்பன் வீட்டார் கடைசி நடையில்தான் ஏறுவார்கள். அவர்கள் இறங்கியதும் தோணிக்காரன் இரண்டு தகரம் தண்ணீர் மொண்டு அடிப்பலகையில் ஊற்றுவான். இப்படிச் செய் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. ஏரி முழுக்க ஒரே தண்ணீர், அதில் மிதக்கிற தோணியைக் கழுவுவதற்கும் அதே தண்ணீர். குடிதண்ணீர் ஊற்றிலும் அப்படித்தான். மருதாத்தாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள், மேல்வீடுகளிலிருந்து யாராவது வந்து மொண்டு ஊற்றுகிற வரைக்கும். இதையெல்லாம் மலைக்கு யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை. வரும்போது சட்டிபானையோடு வந்தது.

எழுபத்தாறாம் வருசம் ஆடியில் துருத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வருகிறது என்று சேதி வந்தது. ஒரே வாத்தியார், நான்கு வகுப்பு. ஆறுமுகசாமி முன்பு ஏலக்காய் உலர்த்திய பழைய ஸ்டோரில் ஓர் அறை கொடுத்தால் போதும். ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. தாய்மொழி தமிழ் என்று பதினைந்து பிள்ளைகள் இருந்தால் தமிழ் வாத்தியார். ஒன்று குறைந்தாலும் மலையாளம்.

மலையாளமாக இருந்தால் என்ன என்று முதல் கூட்டத்திலேயே நான் கேட்டேன். எனக்கு அதற்குக் காரணம் இருந்தது. அக்கா குருவம்மாளின் புருசன் மரம் வெட்டும் கூப்பில் மரம் விழுந்து செத்தபோது ஒரு காகிதம் வந்தது. மலையாளக் காகிதம். அதை அரிசிப்பானையில் போட்டு வைத்திருந்தாள். நான் காலேஜை விட்டுவிட்டு வந்து எடுத்துப் படித்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்குள் வந்து கைநாட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது என்று அதில் எழுதியிருந்தது. அக்காவின் மகள் சந்தனத்துக்குக் கூட்டம் நடந்தபோது எட்டு வயது முடிந்திருந்தது. எந்த எழுத்தானாலும் அவள் ஒன்றைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் எதுவும் இல்லை.

கூட்டத்தில் அதற்கு மரியாதை கிடைக்கவில்லை. ஆறுமுகசாமியின் மூத்த பையனைக் கரைக்கு அப்பால் மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். அங்கே வகுப்பே எழுந்து, தமிழன் என்று கேலியாக, பாண்டி, பாண்டி என்று கூப்பிட, ஏழாம் நாள் அவன் சிலேட்டுப் பலகையைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்துவிட்டான். அப்பனிடம்கூட ஒரு மாதம் பேசவில்லை. ஆறுமுகசாமி அதை மறக்கிற ஆள் இல்லை.

"அங்க போயிப் பட்டது போதுமுங்க தம்பி," என்றார். "நம்ம எடத்துக்கே அதைக் கூட்டிக்கிட்டு வரோணுமா?"

அவர் சொன்னதில் தப்பு இருந்ததாக எனக்குப் படவில்லை. பிள்ளைகளை எண்ணினோம். ஆறுமுகசாமிக்கு மூன்று. மொக்கையனுக்கு ஐந்து. மிக்கேல்ராஜுக்கு இரண்டு. சந்தனம் ஒன்று. பதினொன்று. நஞ்சப்பன் வீட்டில் நான்கு இருப்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்பதுதான்.

ஆறுமுகசாமிதான் சொன்னார். மொக்கையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவர்கள் தெலுங்கர்களில்லையா என்று கேட்டார். தமிழும் பேசுகிறார்கள்தானே என்றார் ஆறுமுகசாமி. பேசினால் ஆயிற்றா, என் பிள்ளைகளோடு ஒரே பலகையில் உட்கார வைப்பதா என்றார் மொக்கையன். அந்தப் பேச்சு அரைமணி நேரம் ஓடியது. கடைசியில், வாசற்படிக்கு உள்பக்கம், கதவோரத்தில், தனிச் சாக்கு என்று முடிந்தது. அதைப் பெரிய விட்டுக்கொடுத்தலாக நினைத்துக்கொண்டு எல்லோரும் எழுந்து போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மருதாத்தாளிடம் சாக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உன் பிள்ளைகளும் படிக்கும் என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து காலையில் நான் ஊற்று வழியாக வரும்போது அவள் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். மொண்டு ஊற்றினேன். குடத்தைத் தூக்காமல் நின்றாள்.

"பள்ளிக்கோடத்துல எம்புள்ளைங்க உள்ளீங்களா சாமி, வெளியிலீங்களா?"

"உள்ளதான்."

"பலகையிலீங்களா?"

வாத்தியார் வந்தால் தெரியும் என்று சொன்னேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் என்னை நம்பினாளா என்று யோசித்துப் பார்க்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆறுமுகசாமி அந்த நான்கு பிள்ளைகளையும் ஸ்டோர் களத்தில் நிற்க வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அவர் திண்டில் உட்கார்ந்திருப்பார், அவர்கள் களத்தின் அந்தக் கடைசியில் நிற்பார்கள். உன் பேர் என்ன, உங்கப்பன் பேர் என்ன, வீட்டில் என்ன பேசுவீங்க. உரக்கக் கேட்டு உரக்கப் பதில் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எங்களைப் போலவே தமிழ் வரும். கொங்குத் தமிழ் அவர் பிள்ளைகளைவிட நன்றாகவே வரும். ஆனாலும் அவருக்குப் பயம். ஒருநாள் கடைசிப் பையன் காலில் முள் ஏறி, தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினான். ஆறுமுகசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"முள்ளுக் குத்துனாலும் தமிழ்லயே அழுவோணும், தெரிஞ்சுதா?" என்றார்.

நான்கு பேரும் தலையாட்டினார்கள். மிக்கேல்ராஜ் இதைக் கேட்டுவிட்டு, அடுத்தது கனவும் தமிழில்தான் காணணும்னு சொல்லப்போறார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. அவர் அளவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை வேறு யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். எந்த வீட்டில் எந்த நேரம் எந்தப் பிள்ளை எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்.

ஆவணியில் அதிகாரி வந்தார். மழை விட்டிருந்தது. வீடு வீடாகப் போனோம். அவர் அதிகம் பேசவில்லை. பிள்ளையின் பேர், வயது, வீட்டில் பேசும் பாஷை, அவ்வளவுதான். மொக்கையன் வீட்டில் மோர் கொடுத்தார்கள். எல்லோரும் குடித்தோம். மிக்கேல்ராஜ் வீட்டில் அவித்த கப்பைக் கிழங்கு. எங்கள் வீட்டில் அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்திருந்தாள். சந்தனம் எண்ணெய் வழிய வாரிய தலையோடு வந்து நின்று, கேட்பதற்கு முன்னாலேயே "தமிழ்" என்று கத்தினாள். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். பதினொன்று ஆயிற்று. கடைசியாக, சரிவில் இறங்கித் தண்ணீரோரம் இருந்த நஞ்சப்பன் வீட்டுக்கு வந்தோம்.

ஆறுமுகசாமி அந்தக் கூரைக்குக் கீழே குனிந்து நுழைந்தது அதுதான் முதல் தடவை. அதிகாரி நுழைந்துவிட்டார், அதனால் அவரும் நுழைய வேண்டியிருந்தது. உள்ளே சாணம் மெழுகின ஈரம் காயவில்லை. ஒரு பலகைப் பெட்டியின்மேல் அதிகாரி உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். பிள்ளைகள் திருநீறு பூசி நின்றார்கள். பேர், வயது எல்லாம் சொன்னார்கள். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று அதிகாரி மலையாளத்தில் கேட்க, நான் சொல்வதற்குள் சுப்பாத்தாள், "தமிழுங்க" என்றாள். தெளிவாக, பிசிறில்லாமல். ஆறுமுகசாமி மூச்சு விட்டதை நான் கேட்டேன். அதிகாரி, இவர்களும் உங்கள் ஆட்கள்தானா என்று கேட்டார்.

"எல்லாம் ஒரே ஆளுங்கதானுங்க," என்றார் ஆறுமுகசாமி. நான் அதை மலையாளத்தில் சொன்னேன். அதிகாரி நோட்டில் குனிந்தார்.

அப்போது மருதாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு முறம். அதில் மூன்று கண்ணாடி டம்ளர், மூன்றிலும் பால் விடாத கட்டன் சாயா. டம்ளர்கள் புதியவை. கடைக்காரன் ஒட்டிய காகிதத்தைச் சுரண்டின அடையாளம் ஒன்றில் இருந்தது. ஆறுமுகசாமியின் மூன்று வார யோசனையில் இது இல்லை. அவள் ஏதாவது கொடுப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள், இந்த வீட்டில் கொடுக்க மாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியும், அவ்வளவுதான்.

அதிகாரி எடுத்து ஊதிக் குடித்தார். ஆறுமுகசாமி டம்ளரை வாங்கினார். அவர் விரல் அவள் விரலில் படாமல் அதன் மேல்விளிம்பைப் பிடித்ததைப் பார்த்தேன். வாங்கியவர் அதைப் பக்கத்திலிருந்த குந்துத் திண்ணையில் மெதுவாக வைத்தார். மூன்றாவதை நான் வாங்கினேன். ராத்திரி முழுக்க விழித்தவன் நான், தொண்டை வறண்டிருந்தது. சாயா வாசனை நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். டம்ளர் கையில் சுட்டது. நான் ஆறுமுகசாமியைப் பார்த்தேன். வாசலில் நின்ற மொக்கையன் என்னைப் பார்த்தார். வாயருகே கொண்டுபோகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். குந்தில் இருந்ததைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"நிங்ஙள் குடிக்குன்னில்லே?" என்று கேட்டார்.

இன்றைக்குச் சஷ்டி, விரதம் என்றார் ஆறுமுகசாமி. நான் அதையும் மலையாளத்தில் சொன்னேன். மொக்கையன் வீட்டு மோரை இவர் இரண்டு சொம்பு குடித்ததை அதிகாரி கூடவே உட்கார்ந்து பார்த்திருந்தார். இவனுக்கும் விரதமா என்று என்னைக் காட்டிக் கேட்டார். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சாயாவின் ஆவி அடங்கியிருந்தது.

அதிகாரி பேனாவை மூடவில்லை. மருதாத்தாள் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்த தமிழில், "வீட்டில என்ன பாஷை பேசும்?" என்றார்.

அவள் அவரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. குந்தில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். சுப்பாத்தாள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். தமிழென்று சொல் என்பதுதான் அந்த இழுப்பு. அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

"தெலுங்குங்க," என்றாள் மருதாத்தாள். கொஞ்சம் பொறுத்து, "பொறந்ததுலருந்து தெலுங்குதானுங்க. தமிழு, இவிங்களுக்கு வேல செய்யறதுக்குப் பேசறதுங்க" என்றாள்.

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுப் போய் அடுப்பைத் தணித்தாள். அதிகாரி நோட்டில் நான்கு கோடு கிழித்தார். வாசலில் மொக்கையன் இல்லை, ஏற்கெனவே மேடேறிப் போய்க்கொண்டிருந்தார்.

தோணித்துறையில் அதிகாரி என்னிடம் மட்டும் மலையாளத்தில் சொன்னார். பதினைந்து என்று கீழே கூட்டி எழுதிவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் வந்தாராம். அடித்து எழுதுவது அவருக்குப் பிடிக்காதாம், மேலே கேள்வி வருமாம். அவர் என்ன சாதி என்று காலையில் யாருக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆளுக்கு ஒன்றாக.

அன்று மாலை ஸ்டோரில் கூடினார்கள். ஆறுமுகசாமி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மருதாத்தாளை ஊர் உப்பைத் தின்றுவிட்டு இப்படிச் செய்தாளே என்று ஒவ்வொருவராகத் திட்டி முடித்தார்கள். பிறகு மொக்கையன், அவருக்குத் தோன்றியதைச் சொன்னார்.

"கவுண்டரே, ஒரு வாய் சாயா. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?"

ஆறுமுகசாமி நிமிர்ந்தார். "நீங்க குடிச்சிருப்பீங்களா?"

மொக்கையன் வெற்றிலைப் பையைத் திறந்து பாக்குத் தேட ஆரம்பித்தார். நீண்ட நேரம் தேடினார்.

"பைபிள்ல கானாவூருத் தண்ணி திராட்சரசமாச்சு," என்றான் மிக்கேல்ராஜ். "நம்ம ஊருல சாயா மலையாளமாயிருச்சு." ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் அன்று அந்த வீட்டுக்குள் வரவில்லை, கோழிக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று தன் வீட்டிலேயே நின்றுகொண்டவன்.

மலையாள வாத்தியார் வந்தால் ஒரு பிள்ளையும் போகக் கூடாது என்று அன்றே முடிவாயிற்று. பிள்ளைகள் இல்லாமல் மூன்று மாதம் கிடந்தால் அவர்களே மறுபடி எண்ண வருவார்கள் என்று கணக்கு. நஞ்சப்பனை ஆறுமுகசாமி வேலைக்கு வர வேண்டாமென்றார். ஊற்றில் அவர்கள் குடத்துக்கு ஊற்ற ஆள் வரவில்லை. மருதாத்தாள் ஏரித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினாள். நஞ்சப்பன் மீன் குத்தகை எடுத்த மலையாளியிடம் வலை இழுக்கப் போனான். குத்தகைக்காரனிடம் சொந்த வள்ளம் இருந்தது. அதனால் அவர்களுக்கு எங்கள் தோணியே தேவையில்லாமல் போயிற்று. தோணிக்காரனுக்குக் கழுவுகிற வேலை மிச்சம்.

ஐப்பசியில் ஏலியாம்ம டீச்சர் வந்தார். கறுப்புப் பை, ரப்பர் செருப்பு, நாற்பது வயது. தினமும் காலையில் குத்தகைக்காரனின் வள்ளத்தில் வந்து, மாலையில் அதிலேயே போவார். முதல் நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பிள்ளைகளை அனுப்பச் சொன்னார். தலையாட்டினார்கள், அனுப்பவில்லை. பாலாக்காரர்களின் பிள்ளைகள் முன்பே அக்கரையில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். மன்னான் பிள்ளைகள் இரண்டு வாரம் வந்துவிட்டுத் தேனெடுக்கிற பருவத்தில் நின்றுவிட்டன. மிஞ்சியது நான்கு பேர். சுப்பாத்தாளும் தம்பி தங்கைகளும். இருபது பிள்ளைகளுக்குப் போட்ட பலகைகளில் நான்கு பேர் ஆளுக்கொரு பலகையாக உட்கார்ந்தார்கள். தெலுங்கு பேசும் பிள்ளைகள், தமிழன் கொடுத்த கட்டடத்தில், மலையாளம் படித்தார்கள். ஆறுமுகசாமி கொடுத்த அறையைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். மலையாளக் காகிதம், என்னிடம்தான் வாசிக்கக் கொடுத்தார், போட்டபிறகு.

காலையில் வேலை முடிந்து ஸ்டோரைக் கடந்து வருவேன். தற, பற என்று மலையாள முதல் பாடம் நான்கு குரலில் வரும். நின்று கேட்க மாட்டேன், ஆனால் நடை மெதுவாகும்.

கார்த்திகையில் ஒருநாள் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கொல்லையில் சந்தனம் சட்டி தேய்த்தபடி தற, பற என்று சொல்வது காதில் விழுந்தது. ராகத்தோடு, டீச்சர் குரலிலேயே. எழுந்து போவதற்குள் அக்கா அவளை இரண்டு அறை அறைந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் ஏலக்காய்ப் புகை போக விட்ட ஓட்டைக்குக் கீழே சந்தனம் பத்து நாளாக நின்று கேட்டிருக்கிறாள். ஒருநாள் டீச்சர் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சுப்பாத்தாள் தன் சிலேட்டை இரண்டாக உடைத்துப் பாதியைக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பாதியை விறகுக்கட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தாள் சந்தனம். எடுத்துக் காட்டினாள். அதில் அவள் பேர் இருந்தது. எழுத்தெல்லாம் வட்ட வட்டமாக, மலையாளத்தில். என்னால் அதைப் படிக்க முடிந்தது. அக்காவால் முடியவில்லை, அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பில்லாம எழுதிருக்கா," என்றேன்.

"தப்பில்லாம இருந்தா ஊர்ல விட்டுருவாகளாடா?" என்றாள் அக்கா. பிறகு சிலேட்டைத் தன் கையாலேயே விறகுக்குள் திரும்ப வைத்தாள்.

மேலும் நாலைந்து நாள் சந்தனம் போனாள். நாங்கள் இருவரும் தெரியாததுபோல இருந்தோம். அந்த நாட்களை நான் நல்ல நாட்கள் என்றுதான் சொல்வேன்.

பிறகு ஒரு காலை, அணையிலிருந்து வந்து தோணிக்காக அக்கரையில் நின்றேன். தோணி வந்தது. அதில் தோணிக்காரனோடு ஆறுமுகசாமியும் இருந்தார். நான் ஏறுவதற்கு முன் அவர் இறங்கி என் பக்கத்தில் நின்றார். பனி விலகவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார். கோபம் எதுவும் இல்லை. உண்மையிலேயே வருத்தமாக இருக்கிற மாதிரிதான் இருந்தது.

"ஏனுங்க தம்பி, அக்கா புள்ள பள்ளிக்கோடம் போவுதாமா?"

நான் தோணியின் பக்கம் திரும்பினேன்.

"தோணி எல்லாத்துக்கும் பொதுவுதானுங்க. பொதுவா இருக்கறவங்களுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். சந்தைக்குப் போகிற வழியில் நடந்தார். நான் தோணியில் ஏறினேன். தண்ணீர் அந்த வருசம் தளும்பத் தளும்ப நின்றது. முந்தின ராத்திரி கடைசியாக எழுதிய மட்டம் எனக்கு நினைவிருந்தது. சேற்றுவழி தெரிய இன்னும் மூன்று மாதமாவது ஆகும். தோணி இல்லையென்றால் அணை வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மூன்று பேருக்கும் அக்காவின் களைவெட்டுக் கூலிதான். அந்தக் கூலியும் ஆறுமுகசாமியின் காட்டில்தான். குத்தகைக்காரனின் வள்ளத்தில் போகலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. நஞ்சப்பனோடு ஒரே பலகையில் உட்கார்ந்து. கரையில் மொக்கையன் நின்று பார்க்க. தோணி பாதி தூரம் போவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா களைக்கொத்தோடு புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் யாரோ சொல்லியிருந்தார்கள். கண் வீங்கியிருந்தது.

"என்னால அவ மொகத்தப் பாத்துச் சொல்ல முடியாது," என்றாள். "நீயே சொல்லு." இறங்கிப் போய்விட்டாள்.

சந்தனம் முற்றத்தில் இருந்தாள். தானே தலை வாரியிருந்தாள், வகிடு கோணலாக. பாதிச் சிலேட்டைப் பாவாடையில் மூடிப் பிடித்திருந்தாள். கீழே ஸ்டோரிலிருந்து டீச்சர் மணிக்குப் பதில் தட்டுகிற தகரச் சத்தம் வந்தது.

"மாமா, நான் போய்ட்டு வரட்டா?"

சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தோணி, வேலை, அம்மாவின் கூலி எல்லாம் எட்டு வயதுக்குப் புரியும்படி சொல்ல முடியாததல்ல. அவள் புரிந்துகொள்வாள், தலையாட்டுவாள், அதுதான் எனக்கு வேண்டாமென்று இருந்தது.

"உள்ள போயி என் பாய எடுத்துட்டு வா. வெளிய படுக்கணும்," என்றேன்.

சிலேட்டைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடினாள். பாய் மூலையில் விறகுக்குப் பின்னால் இருந்தது, எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். நான் கதவை இழுத்துச் சாத்தி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டிப் பூட்டை அழுத்தினேன்.